41-இல் சேர்ந்தால் மிஞ்சுவது 4

அரசு கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க ரூ.48, பதிவுக்கு ரூ.2. மொத்தம் 50 ரூபாய். பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் அந்த 2 ரூபாயை மட்டும் கட்டினால் போதும். 2023-24-இல் தமிழ்நாட்டின் 164 அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் இப்படிச் சேர இருந்த இடங்கள் 1,07,299. சேலம்-7 கலைக் கல்லூரி, சேலம்-8 மகளிர் கல்லூரி, ஆத்தூருக்குப் பக்கத்தில் வடசென்னிமலை, எடப்பாடி, நாமக்கல்லில் அறிஞர் அண்ணா கல்லூரியும் கவிஞர் இராமலிங்கம் மகளிர் கல்லூரியும், ஆண்டகளூர்கேட்டில் திருவள்ளுவர் கல்லூரி, சேந்தமங்கலம், குமாரபாளையம் என்று சேலம், நாமக்கல் மாவட்டங்களில் அந்த இடங்களில் ஒரு பங்கு இருக்கிறது. பள்ளிபாளையம் விசைத்தறிக் கூலியின் மகள், ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குபவரின் மகன், லாரி ஓட்டுநர் வீட்டுப் பிள்ளை, கோழிப் பண்ணையில் தங்கி வேலை செய்யும் குடும்பத்தின் பெண் என்று குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக வருபவர்களே இங்கு அதிகம்.

அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்வது சமுதாயக் கல்லூரிகள். 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியெட் ஊரில் தொடங்கியது அங்குள்ள அரசுச் சமுதாயக் கல்லூரிகளில் மூத்தது. நம் ஊரில் அதே பெயரில் நடப்பவை பெரும்பாலும் குறுகிய காலத் தொழில் பட்டயம் தரும் சிறு நிறுவனங்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில், கையைக் கடிக்காத செலவில் பட்டம் தருவது இங்கே அரசு கலைக் கல்லூரிதான். அதன் முதல்வர் எந்த வழியாக, எந்த வயதில், எவ்வளவு இழந்து அந்த நாற்காலிக்கு வருகிறார் என்பதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

விதிப் புத்தகத்தில் ஏணி தெளிவாக இருக்கிறது. 17 வயதில் பிளஸ் டூ. இளநிலை 3 ஆண்டு, முதுநிலை 2 ஆண்டு, ஆக 22. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் தேறுபவர்கள், எழுதுபவர்களில் 6 விழுக்காடு. எல்லாம் தடையில்லாமல் நடந்தால் 27, 28 வயதில் ஒருவர் உதவிப் பேராசிரியர் ஆகலாம். அங்கிருந்து பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி, முனைவர் பட்டம் உள்ளவருக்கு முதல் படி உயர 4 ஆண்டு, அடுத்ததற்கு 5, இணைப் பேராசிரியராக இன்னும் 3. அதாவது 12 ஆண்டு. பேராசிரியராக மேலும் 3. ஆக 15. முதல்வர் பதவிக்கு அதே ஒழுங்குமுறை கேட்பது: முனைவர் பட்டம், இணைப் பேராசிரியர் அல்லது பேராசிரியர் தகுதி, 15 ஆண்டு அனுபவம், 10 ஆய்வுக் கட்டுரைகள், 110 ஆய்வு மதிப்பெண். பதவிக் காலம் 5 ஆண்டு. தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகளில் இணைப் பேராசிரியர்களின் பணிமூப்புப் பட்டியலிலிருந்து முதல்வர்கள் பதவி உயர்வு பெறுகிறார்கள். சேலம் சாரதா மகளிர் கல்லூரி, பரமத்தி வேலூர் கந்தசாமிக் கண்டர் கல்லூரி போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளில் நிர்வாகம் தேர்ந்தெடுக்கும். சுயநிதிக் கல்லூரிகளின் கதை தனி.

அந்த 110-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தமிழ், வரலாறு போன்ற துறைகளில் ஒருவர் தனியாக எழுதிய கட்டுரைக்கு 10 மதிப்பெண், அறிவியலில் 8. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. ஆய்வுக் கட்டுரைகளின் இந்த அடிப்படை மதிப்பெண்ணை மட்டுமே நம்பினால் தமிழாசிரியருக்கு 11 வேண்டும். இயற்பியல் ஆசிரியருக்குத் தனியாக எழுதியது 14, கூட்டாக எழுதியது 20. ஆய்வுக்கூடத்தில் தனியாக எழுதுபவர் யார்? உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். ஆண்டுக்கு 30 வாரம், 480 மணி நேரம். விடைத்தாள், செய்முறைத் தேர்வு, உதவித்தொகைப் படிவம், நாட்டு நலப்பணித் திட்ட முகாம் எல்லாம் அதற்கு மேல். இத்தனைக்கும் நடுவில் 20 கட்டுரை எழுதிய ஆசிரியர்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள் என்பதை மரியாதையோடுதான் சொல்ல வேண்டும்.

இனி சம்பளம். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.57,700. அடுத்த படி 68,900, அதற்கடுத்து 79,800, இணைப் பேராசிரியருக்கு 1,31,400, பேராசிரியருக்கு 1,44,200. 2025 ஜனவரி நிலவரப்படி அகவிலைப்படி 55 விழுக்காடு. அந்த விகிதத்தில், வீட்டு வாடகைப்படியைச் சேர்க்காமலே, புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியருக்கு மாதம் ரூ.89,435 வருகிறது. ஆண்டுக்கு ரூ.10,73,220. கௌரவமான சம்பளம். இந்தச் சம்பளத்துக்கு வந்து சேர்வதற்குத்தான் வழியில்லை.

ஆசிரியர் தேர்வு வாரியம் 2013-இல் 1,093 உதவிப் பேராசிரியர் இடங்களை அறிவித்தது. அப்போது எழுத்துத் தேர்வு இல்லை. 34 மதிப்பெண்ணில் கற்பித்தல் அனுபவத்துக்கு 15, கல்வித் தகுதிக்கு 9, நேர்முகத்துக்கு 10. அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 என்பதால் ஏழரை ஆண்டு பாடம் நடத்தியவருக்கே முழு மதிப்பெண். அன்று 28 வயதில் முனைவர் பட்டத்தோடு நின்றவர் ஏறக்குறைய 15 மதிப்பெண் பின்தங்கித்தான் வரிசையில் நின்றிருப்பார். அடுத்த அறிவிப்பு 2019-இல், 2,331 இடங்கள். அது நியமனம் வரை போகவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்று அறிவிப்பு வந்து, தேர்வு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்குப் புதிய அறிவிப்பு. 2013-இல் 28 வயதாக இருந்தவர் 2026-இல் பணியில் சேர்ந்தால் அவருக்கு வயது 41.

இடைப்பட்ட 13 ஆண்டுகள் அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்தார், கௌரவ விரிவுரையாளராக. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் இப்படிப் பணியாற்றுபவர்கள் 7,000 பேருக்கும் மேல். தொகுப்பூதியம் மாதம் ரூ.25,000, ஆண்டில் 11 மாதம் மட்டும். மே மாதம் ஊதியம் கிடையாது. விடைத்தாள் திருத்தும் வேலை வந்தால் அதுதான் அந்த மாதத்து வரும்படி. ஆண்டு வருமானம் ரூ.2,75,000. அதே துறையில், அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, அதே பாடத்திட்டத்தை அதே மாணவர்களுக்கு நடத்தும் நிரந்தர ஆசிரியர் பெறுவதில் கால் பங்குதான் இது. வாரத்துக்கு 16 மணி நேரம், மாதத்துக்கு 64 என்று வைத்தால் ஒரு மணி நேர வகுப்புக்கு ரூ.390. மானியக் குழு 2019 ஜனவரியில் சொன்ன தொகை வகுப்புக்கு ரூ.1,500, மாதத்துக்கு ரூ.50,000 வரை.

இன்னொரு கணக்கு எனக்கு இதைவிட வலிக்கிறது. நெட் தேர்வில் உதவித்தொகையோடு தேறிய ஆய்வு மாணவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000. முதுநிலை ஆய்வாளராக உயர்ந்தபின் ரூ.42,000. அந்த மாணவர் ஆய்வை முடித்து, முனைவர் பட்டம் வாங்கி, ஆண்டகளூர்கேட்டிலோ சேந்தமங்கலத்திலோ கௌரவ விரிவுரையாளராகச் சேரும் நாளில் அவருடைய மாத வருமானம் 42,000-லிருந்து 25,000-ஆக இறங்குகிறது. படித்து முடித்ததற்கு அவருக்குக் கிடைப்பது மாதம் 17,000 ரூபாய் குறைவு.

மேலே சொன்ன விகிதங்களிலேயே 10 ஆண்டைக் கணக்கிட்டால் கௌரவ விரிவுரையாளரின் வருமானம் ரூ.27,50,000. நிரந்தர ஆசிரியருக்கு, ஆண்டு ஊதிய உயர்வு எதையும் சேர்க்காமல், ரூ.1,07,32,200. வித்தியாசம் ரூ.79,82,200. முன்பு தொகுப்பூதியம் இதைவிடக் குறைவு என்பதால் உண்மையில் அந்த ஆண்டுகளில் கைக்கு வந்தது இன்னும் சொற்பம். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அப்பாவின் மருத்துவம், சீட்டுப் பணம் எல்லாம் அந்த 25,000-க்குள்தான் அடங்க வேண்டும். மாலையில் டியூஷன் எடுக்காத கௌரவ விரிவுரையாளரைப் பார்ப்பது அரிது.

பணம் போனது ஒரு பக்கம். ஆண்டுகளும் சேர்ந்து போகின்றன. 2018 ஒழுங்குமுறையின் 10-ஆம் பிரிவு, தற்காலிகப் பணியில் கழித்த ஆண்டுகளை நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் சேர்த்துக்கொள்ள அனுமதிக்கிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. உரிய கல்வித் தகுதி வேண்டும், முறையான தேர்வுக் குழு தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்பவை நியாயமானவை. இன்னொரு நிபந்தனை: அந்தக் காலத்தில் அவர் பெற்ற மொத்த ஊதியம், நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாத ஊதியத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். ரூ.25,000 வாங்கியவர் இந்த நிபந்தனையில் விழுந்துவிடுகிறார். மானியக் குழுவே சொன்ன 50,000-ஐக் கொடுத்திருந்தாலும் விழுவார், ஏனென்றால் அளவுகோல் 89,435. குறைவான சம்பளம் கொடுத்தது அரசு. குறைவான சம்பளம் வாங்கினார் என்ற காரணத்தாலேயே அவருடைய 13 ஆண்டுகள் ஏணியில் ஒரு படிகூட ஆகாமல் போகின்றன. ஒருவரை ஒரே காரணத்துக்காக இரண்டு முறை தண்டிப்பது இது. இதை மாற்றச் சொல்லிக் கேட்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இப்போது வயதுக் கணக்கு. 28-இல் நிரந்தரப் பணியில் சேர்ந்தவர் 40-இல் இணைப் பேராசிரியர், 43-இல் 15 ஆண்டு அனுபவமும் பேராசிரியர் தகுதியும் பெற்றவர். ஓய்வு வயது 60. முதல்வராகவும் அதற்கு மேலும் உழைக்க 17 ஆண்டுகள் மிச்சம். 41-இல் சேர்ந்தவர் 53-இல் இணைப் பேராசிரியர், 56-இல் பேராசிரியர். மிச்சம் 4 ஆண்டுகள். 2020 வரை ஓய்வு வயது 58-ஆகத்தான் இருந்தது. அந்த விதி தொடர்ந்திருந்தால் 2 ஆண்டுதான். இன்றைய 60-இலும் பதவி உயர்வுப் பட்டியல் ஓராண்டு தாமதமானால் 3. அவருக்கு மேலே பணிமூப்பில் இன்னும் பலர் இருந்தால் பூச்சியம்.

4 ஆண்டுகளில் என்ன செய்யலாம்? ஓர் இளநிலை மாணவர் அணி உள்ளே வந்து வெளியே போக 3 ஆண்டு, 6 பருவம். தேசிய தர மதிப்பீட்டுக் குழுவின் சான்று ஒரு சுற்றுக்கு 5 ஆண்டு. புதிய பாடப்பிரிவு ஒன்றைத் தொடங்க அரசாணை வேண்டும், பல்கலைக்கழக இணைவு வேண்டும், ஆசிரியர் பணியிட ஒப்புதல் வேண்டும், அறை வேண்டும். கோப்பு இயக்குநரகத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் கேட்டவர் ஓய்வு பெற்றிருப்பார். அடுத்து வருபவர் முதலில் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். முதல்வர் இல்லாத கல்லூரிகளில் மூத்த துறைத் தலைவரோ பக்கத்துக் கல்லூரி முதல்வரோ கூடுதல் பொறுப்பில் இருப்பார். துறைத் தலைவரானால் அவர் வாரத்துக்கு 14 மணி நேர வகுப்பையும் நடத்த வேண்டும், இந்த நாற்காலியிலும் உட்கார வேண்டும். பொறுப்பு முதல்வர் நாளைய கையெழுத்தைப் போடுவார். ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொட யோசிப்பார்.

அந்த மேசையைக் கிட்டத்தில் பார்த்தால் வேலையின் அளவு தெரியும். ஜூன் மாதம், சேர்க்கை நாள். வராந்தாவில் தரவரிசைப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். கொல்லிமலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து முதல் பஸ்ஸில் இறங்கிய அப்பாவும் மகளும் வரிசையில் நிற்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது, மதிப்பெண் சான்றிதழ் இருக்கிறது. பழங்குடியினர் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. எழுத்தர், “சர்டிபிகேட் இல்லாம முடியாதுங்க” என்கிறார். முதல்வர் அழைத்து உட்காரவைத்து, விண்ணப்பித்த ரசீதைப் பார்த்து, உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு, கெடு கொடுத்து இடத்தை நிறுத்திவைத்தால் அந்தப் பெண் கல்லூரிக்கு வருகிறாள். விதி தெரிந்த, துணிவுள்ள முதல்வர் அதைச் செய்வார். வந்து இரண்டு மாதமே ஆன பொறுப்பு முதல்வருக்குத் தணிக்கைக் குறிப்பு பற்றிய பயம் இருக்கும். சேர்ந்துவிட்டால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 அவள் கணக்குக்கு வரும். அதற்கும் கல்லூரி உறுதிப்படுத்த வேண்டும்.

ஆண்டுக்கு 1,000 பேர் படித்து முடிக்கும் கல்லூரி என்று ஓர் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டால், மாற்றுச் சான்றிதழும் நன்னடத்தைச் சான்றும் சேர்த்து 2,000 பச்சை மைக் கையெழுத்து. பஸ் பாஸ், உதவித்தொகை, கல்விக் கடன் என்று நடப்பு மாணவர்கள் 3,000 பேருக்கும் ஆளுக்கு இரண்டு என்றால் 6,000. ஊதியப் பட்டியல், கருவூலம், ரொக்கப் பதிவேடு தனி. ஒரு துறைத் தலைவர் இவற்றில் எதையும் செய்து பழகியிருக்க மாட்டார். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் துறைத் தலைவர், புலத் தலைவர், கல்விப் பிரிவுத் துணைத் தலைவர், பிறகு தலைவர் என்று படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சில ஆண்டுகள் நிர்வாகம் பழகலாம். அங்கும் பாடவேளைக்குக் கூலி வாங்கும் பகுதிநேர ஆசிரியர்களின் துயரம் உண்டு, அதை மறைக்க வேண்டாம். நம்மிடம் துறைத் தலைவருக்கும் முதல்வருக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு படியும் இல்லை. வெள்ளிக்கிழமை வகுப்பெடுத்தவர் திங்கட்கிழமை கருவூல அதிகாரிக்குப் பதில் எழுதுகிறார்.

நீண்ட காலம் இருக்கும் கல்லூரித் தலைவர் ஓர் ஊருக்கு என்ன தருவார் என்பதற்குச் சேலமே சாட்சி. 1857-லிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் சேலம் கல்லூரி, நகராண்மைக் கல்லூரியாக இருந்தபோது, 1944 முதல் 1956 வரை 12 ஆண்டுகள் தேவநேயப் பாவாணர் அங்கே தமிழ்ப் பேராசிரியர். அவரை ஆதரித்துக் காத்தவர் கல்லூரித் தலைவர் இராமசாமிக் கவுண்டர். பாவாணரின் ‘பழந்தமிழாட்சி’ 1952-இல் வந்தது, ‘முதற்றாய்மொழி’ 1953-இல். அங்கே பாவாணரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் பெருஞ்சித்திரனார். 12 ஆண்டு நிம்மதியாக ஒரே மேசையில் உட்கார முடிந்த ஆசிரியர், அந்த மேசையைக் கலைக்காமல் பார்த்துக்கொண்ட தலைவர். செலவுக் கணக்கில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வரவில் எழுதியே ஆக வேண்டும்.

அரசின் பக்கமும் கணக்கு உண்டு, அதையும் போடுவோம். 7,000 கௌரவ விரிவுரையாளர்களுக்கு இன்றைய விகிதத்தில் ஆண்டுக்கு ரூ.192.5 கோடி. மானியக் குழு சொன்ன 50,000-ஐ 11 மாதம் கொடுத்தால் இரட்டிப்பு, ரூ.385 கோடி. 7,000 பேரும் நிரந்தர உதவிப் பேராசிரியர்களாக இருந்தால் தொடக்க ஊதியத்தில் ரூ.751 கோடி. இன்றைய செலவுக்கும் இதற்கும் வித்தியாசம் ஏறக்குறைய ரூ.559 கோடி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் உயர்கல்வித் துறைக்கு ஒதுக்கியது ரூ.8,494 கோடி. அதில் இது 6.6 விழுக்காடு. ஓய்வூதியப் பொறுப்பும் ஆண்டு உயர்வும் சேர்ந்தால் சுமை ஏறும், உண்மைதான். ஆனால் இன்று அரசு மிச்சம் பிடிக்கும் 559 கோடி எங்கிருந்தோ வரவில்லை. 7,000 குடும்பங்கள் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் கொடுக்கின்றன. இந்த மாநிலத்தில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4 (2021-22) என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்த 47-ஐத் தாங்கும் தோள்களில் இவர்களுடையவையும் உண்டு.

ஒரே நாளில் 7,000 பேரையும் நிரந்தரமாக்கச் சொல்லவில்லை. தேர்வு வாரியம் காலியிடம் சேரும்வரை பல ஆண்டு காத்திருந்து ஆயிரக்கணக்கில் அறிவிப்பதை விட்டு, ஓய்வு பெறுபவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒவ்வோர் ஆண்டும் சில நூறு பேரை எடுக்கலாம். யார் எந்த மாதம் 60 முடிக்கிறார் என்பது பணிப் பதிவேட்டில் அவர் சேர்ந்த நாளிலேயே எழுதியிருக்கிறது. மொத்தமாக எடுத்தால் மொத்தமாக ஓய்வு பெறுவார்கள், நாற்காலிகளும் மொத்தமாகக் காலியாகும். தகுதியும் முறையான தேர்வும் உள்ளவர்களின் தற்காலிகப் பணி ஆண்டுகளை, ஊதிய நிபந்தனையைத் தளர்த்தி, பாதியளவாவது கணக்கில் சேர்க்கலாம். 13-இல் பாதி ஆறரை. 41-இல் சேரும் அந்த ஆசிரியர் 53-க்குப் பதில் 47-ஐ எட்டும் முன்பே இணைப் பேராசிரியர் ஆவார், முதல்வர் தகுதியை 50-இல் தொடுவார். மிச்சம் 4 என்பது 10 ஆகும். அந்த 10 ஆண்டில் ஒரு தர மதிப்பீட்டுச் சுற்றைத் தொடங்கியும் முடிக்கலாம், இரண்டு புதிய பாடப்பிரிவுகளைக் கொண்டுவரவும் செய்யலாம்.

2,708 பேர் நியமன ஆணை வாங்கும்போது அவர்களுக்கான பணிமூப்புப் பட்டியலும் தயாராகும். இன்றைய விதிப்படி 2041 முதல் சேந்தமங்கலத்திலும் குமாரபாளையத்திலும் எடப்பாடியிலும் முதல்வர் நாற்காலிக்கு வரப்போகிறவர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இருக்கும். பழைய ஆண்டுகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற அரசாணை அதற்கு முன் வந்தால்தான் அவர்களுக்குப் பயன்படும்.